காதல் கதை எழுதுறன் எண்டா திருகோணமலையில முதல் கேள்வி வீட்டைப் பற்றித்தான்

நான் காதல் நாவல் எழுதுறன். புத்தகமா இன்னும் ஒண்டும் வரேல்ல. பிரதிலிபி எண்ட கதை வாசிக்கிற செயலியில தொடரா போடுறன், அதோட முழு நாவல் ஒண்டு டைப் பண்ணி முடிச்சுத் திருத்திக்கொண்டிருக்கிறன். இதை எழுதப்போய் நான் சந்திச்ச ஆக்களைப் பற்றித்தான் சொல்லப்போறன், ஏனெண்டா எனக்கு எழுத்து படிப்பிச்சது முக்கால்வாசி அவைதான்.

உவர்மலையில நான் சட்டை தைக்கக் குடுக்கிற அக்கா ஒராள் இருக்கிறா. மெசினுக்குப் பக்கத்தில நூல்கண்டுப் பெட்டியில ஃபோனைச் சாத்தி வச்சு, கை தைக்கத் தைக்கத் தொடர்கதை வாசிக்கிற ஆள். ஒருநாள் அளவு எடுத்துக்கொண்டிருக்கேக்க, கழுத்தில நாடா தொங்குது, வாயில ஊசி, அதை எடுத்துப்போட்டுக் கேட்டா, "பிள்ளை, உங்கட கதையில வாற பெட்டை அந்த நிலாவெளிப் பெடியனை விரும்புறாள், அது சரி. அவளுக்கு வீடு கட்டியாச்சோ?" நான் விளங்காமப் பாக்க, "தேப்பன் இல்லையெண்டு எழுதியிருக்கிறீங்கள், கீழ தங்கச்சியும் இருக்கு, அப்ப ஆர் கட்டுறது? அது தெரியாம இந்தக் கலியாணம் நடக்குமெண்டு நான் எப்பிடி நம்புறது?"

அவ கேட்டது சரியான கேள்வி. எங்கட பக்கம் பொம்பிளைப்பிள்ளைக்கு வீடு குடுக்கவேணும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில இருப்பார், இது கிழக்கில தமிழ்ச்சனத்திட்டயும் இருக்கு முஸ்லிம் சனத்திட்டயும் இருக்கு. லிண்டல் மட்டத்தில, கதவு யன்னலுக்கு மேல வரைக்கும் மட்டும் கட்டினபடி நிக்கிற வீடுகள் எங்கட ரோட்டுகளில எவ்வளவு கிடக்கு, வெளியில இருக்கிற அண்ணன் காசு அனுப்பேக்க ஒரு அறை எழும்பும், பிறகு நிக்கும், அந்தச் சுவருக்குள்ள ஒரு பிள்ளையின்ர வயசும் போய்க்கொண்டிருக்கும். காதல் நாவலில ரெண்டு பேரையும் சேரவிடாம வச்சிருக்கிற காரணம் உண்மையா இருந்தாத்தான் வாசிக்கிற ஆள் அடுத்த பக்கத்தைத் திருப்புவா, சும்மா சந்தேகம், பிழையா விளங்கிக்கொண்ட ஒரு ஃபோன்கோல் எண்டு இழுத்தா ஒரு நாலு அத்தியாயம் தாங்கும், அதுக்குமேல இல்லை. நாங்கள் எல்லாம் தமிழ்நாட்டு மாதநாவல் வாசிச்சு வளந்தனாங்கள், அதில கலியாணம் முடிஞ்சு அவள் அவன்ட பெரிய வீட்டுக்குப் போவாள், மாமியார் இருப்பா, பிரச்சினை அங்கதான் துடங்கும். அந்த அமைப்பைத் தூக்கி உவர்மலையில வச்சா நிக்காது. இஞ்ச அந்நியமான வீட்டுக்குள்ள வந்து நிக்கிறது அவன். மாமிக்கு முன்னால பழஞ்சாறத்தோட நிக்கலாமோ, தேத்தண்ணி கேட்டு வாங்கலாமோ எண்டு தெரியாம நிக்கிறதும் அவன்தான்!

அதால கதையை வீட்டுப்பக்கம் திருப்பினன். நடக்கிறது 2022ல, இலங்கையில பொருளாதார நெருக்கடி நேரம். சீமெந்து விலை ஏறி வேலை நிண்டுபோச்சு, பெற்றோல் இல்லை, ஒரு கட்டத்தில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். அவன் நிலாவெளியில இருந்து கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர் சைக்கிள் மிதிச்சு வாறான், சாட்டு என்னெண்டா புதுசாப் போட்ட கொங்கிறீட்டுக்குத் தண்ணி விடவேணும். மோட்டர் ஓடாது, கிணத்தில அள்ளித்தான் ஊத்தவேணும். அம்மா முன் மண்டபத்தில அரிசி புடைச்சுக்கொண்டு இருக்கிறா, அவள் வாளியை நீட்டுறாள், அவன் வாங்குறான், ரெண்டு பேரும் கைபிடியில கை படாமப் பிடிக்கிறதுக்கு இடம் தேடினம். முத்தக்காட்சி எழுதினதைவிட இந்த வாளியை எழுதத்தான் எனக்குக் கூட நேரம் எடுத்தது. பகுதி போட்டாப்பிறகு தமிழ்நாட்டில இருந்து கொமெண்ட் வந்தது, ஹீரோ என்ன வீட்டோட மாப்பிள்ளையா போறான், அவனுக்கு மரியாதை இல்லையே எண்டு. நான் கோவிக்கேல்ல, இருந்து நீளமா விளக்கினன், அவையும் விரும்பிக் கேட்டு வாசிச்சவை, இப்ப அவைதான் வீடு எவ்வளவு எழும்பியிருக்கு எண்டு ஒவ்வொரு பகுதிக்கும் கேக்கினம்.

இன்னொராள், பேங்க் கியூவில சந்திச்ச ரிட்டயர்ட் சேர் ஒருத்தர், கிண்ணியாவில இருக்கிறார். என்ன செய்யிறீங்கள் மகள் எண்டு கேட்டவர், சொன்னன், உடன நம்பர் கூப்பிட்டதையும் கவனிக்காமக் கதைக்கத் துடங்கிட்டார். கிண்ணியாப் பாலம் 2009லதானே திறந்தது, 396 மீற்றர், இப்ப ஒரு மூச்சில தாண்டிடுவம். அவர் டவுண்காரர், 80 துடக்கத்தில கிண்ணியாவில படிப்பிக்கப் போகேக்க பாதையிலதான் போய்வரவேணும், பாதை எண்டா ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தித் தண்ணியைத் தாண்டுற மிதவை. அதே பள்ளிக்கூடத்தில ஒரு டீச்சரும் இருந்திருக்கிறா, கிண்ணியாப் பிள்ளை, டவுணில கோர்ஸ் ஒண்டுக்கு வந்துபோறவ. பள்ளிக்கூடத்தில ரெண்டு பேரும் முகம் பாக்கிறேல்லயாம், பாதையிலதான் பக்கத்தில பக்கத்தில நிக்கலாம், ஏனெண்டா அங்க எல்லாரும் நெருங்கித்தான் நிக்கவேணும். "பாதை லேட்டானா ஊரே ஏசும், எங்களுக்கு மட்டும் சந்தோசம்" எண்டு சொல்லேக்க அந்த மனிசன்ட முகத்தைப் பாக்கவேணும். ந. பாலேஸ்வரி எங்கட ஊர் எழுத்தாளர்தானே, 70களில வீரகேசரி பிரசுரமா அவட நாவல் வந்திருக்கு, அப்பிடியான ஒரு புத்தகத்தைப் பேப்பர் உறை போட்டு அவருக்கு முதன்முதல் குடுத்தது அந்த டீச்சர்தானாம். இப்பவும் அவர் இருக்கிறது மனிசியின்ர வீட்டிலதான், அதைச் சொல்லேக்க எனக்குத் தையல்கார அக்காவின்ர ஞாபகம் வந்தது.

கோணேஸ்வரத்துக்குப் போற நேரமெல்லாம் கேக்கிற கதை ஒண்டும் இருக்கு. ஒல்லாந்துப் பெண் பிரான்சினா வான் றீட், விரும்பினவன் கப்பலேறிப் போறதைப் பாத்துச் கோயில் நிக்கிற சுவாமி மலையில இருந்து குதிச்சா எண்டு, 1687 போட்ட தூண் ஒண்டும் அவட பேரில நிக்குது. பக்கத்தில நிண்டு கேட்ட ஒரு வயசான ஐயா என்னைத் திரும்பிப் பாத்து, "ஒல்லாந்தற்ற பதிவில அவ பிறகு வேறொராளைக் கலியாணம் முடிச்சிருக்கிறா தங்கச்சி" எண்டார். கூட வந்த சிநேகிதிக்கு முகம் வாடிப்போச்சு. எனக்கு அதுக்குப் பிறகுதான் அந்தப் பொம்பிளையில விருப்பமே வந்தது. கப்பல் போனதுக்கு அடுத்தநாள் அவ எழும்பி என்ன செய்தா, ஆர் வந்து கதைச்சினம், எப்ப திரும்பச் சிரிச்சா, காதல் நாவல் எழுதுறவைக்கு வேலையே அங்கதானே இருக்கு. குதிச்சிட்டா எண்டு முடிக்கிறது லேசு.

அடுத்த நாவலை அந்தப் பாதையில வச்சு எழுதத்தான் நினைச்சிருக்கிறன், சேரிட்டயும் கேட்டுட்டன், பேர் போடாம எழுதுங்கோ எண்டார். அதால 80களில கிண்ணியாப் பாதையில போய்வந்த ஆக்கள், இல்லாட்டி உங்கட அம்மா அப்பா போயிருந்தா, கொஞ்சம் சொல்லுங்கோ: பின்னேரம் கடைசிப் பாதை எத்தினை மணிக்கு? அதைத் தவறவிட்டா சனம் எங்க தங்கினது? மாரி மழைக்க பொம்பிளையள் எந்தப் பக்கம் ஒதுங்கி நிண்டவை? முக்கியமா அந்தக் கடைசிப் பாதை நேரம் வேணும், ஏனெண்டா அஞ்சாம் அத்தியாயத்தில அவளை அதைத் தவறவிடப் பண்ணப்போறன்.