20 மீட்டர் ஸ்லாக்லைன்: 22 கிலோநியூட்டன் காரபினர் போதுமா?

கேள்வி
இரண்டு மரங்களுக்கு நடுவே ஸ்லாக்லைன் (மேலே ஏறி நடக்க இழுத்துக் கட்டும் பட்டை), 20 மீட்டர், இடுப்பு உயரம். 25 மி.மீ. பாலியெஸ்டர் பட்டை, முறிவு வலு 30 கிலோநியூட்டன். அலுமினியக் காரபினரில் (திறந்து மூடும் கதவுள்ள கொக்கி) 22 என்று பொறித்திருக்கிறது. ராட்செட் (பட்டையை இறுக்கும் கைப்பிடிக் கருவி) லேபிளில் 2500 டெக்காநியூட்டன், 5000 என்று இரண்டு எண்கள், எதை எடுத்துக்கொள்வது? 80 கிலோ ஆள் ஏறினால் தாங்குமா?

பதில் 1
எடையை விடத் தொய்வுதான் முக்கியம். ஆள் நடுவில் நிற்கும்போது இழுவிசை = எடை × நீளம் ÷ (4 × தொய்வு). 80 கிலோ என்பது சுமார் 0.8 கிலோநியூட்டன். தொய்வு 1 மீட்டர் இருந்தால் 4 கிலோநியூட்டன் வரும். அரை மீட்டராக இறுக்கினால் 8. குதித்தால் இன்னும் ஏறும்.

8-க்கு 30 தாராளம்தான், ஆனால் பட்டையில் முடிச்சுப் போட்டால் வலுவில் பாதிகூடப் போய்விடலாம். முடிச்சே வேண்டாம், வெப்லாக் (முடிச்சில்லாமல் பட்டையைப் பிடிக்கும் கருவி) போடுங்கள்.

ராட்செட்டில் 2500-ஐ எடுங்கள். அதுதான் நேர் இழுவைக்கானது, அதாவது 25 கிலோநியூட்டன். 5000 என்பது பட்டை சுமையைச் சுற்றித் திரும்பி வரும் கட்டுக்கு.

பதில் 2
காரபினரின் 22 நீளவாக்கில், கதவு மூடியிருக்கும்போது மட்டும். கதவு திறந்தாலோ குறுக்கே திரும்பினாலோ பெரும்பாலும் 7 அளவுக்கு இறங்கிவிடும். அதையும் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள், பாருங்கள். 8 கிலோநியூட்டன் இழுவையில் இது விளையாட்டல்ல. மரத்துப் பக்கம் எஃகு வில் ஷேக்கிள் (குறுக்கே பின் திருகி மூடும் வளையம்) போடுவதே என் பரிந்துரை. 3.25 டன் என்று பொறித்தது போதும். அது வேலைச் சுமை, முறிவுச் சுமை அல்ல. பின்னை முழுக்கத் திருகுங்கள்.

மரத்தைச் சுற்றும் ஸ்லிங் (கட்டுப் பட்டை) நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்து இரு கால்களுக்கும் இடையே கோணம் 120 டிகிரி ஆனால், ஒவ்வொரு காலும் முழு இழுவையையும் சுமக்கும்.

பதில் 3
மேலே யாரும் சொல்லாதது: ராட்செட் பறந்து வருவதுதான் பெரிய ஆபத்து. அது விட்டுப்போனாலும் பிடித்துக்கொள்ள, ராட்செட்டுக்கு அப்பால் உள்ள பட்டையிலிருந்து மரத்துக்கு இன்னொரு ஸ்லிங்கைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள். அவிழ்க்கும்போது கைப்பிடியை 180 டிகிரி விரித்தால் மொத்த இழுவையும் ஒரே நொடியில் விடுபடும். பக்கவாட்டில் நில்லுங்கள், விரலை உள்ளே விடாதீர்கள்.

பட்டையில் பளபளப்பாக, விறைப்பாக ஓரிடம் தெரிந்தால் அது உராய்வில் உருகியது. அந்தப் பட்டையைக் கழித்துவிடுங்கள்.