பறக்கும்போதே ஒரு மோட்டார் நின்றால்: ராமநாதபுரம் கரையோர அனுபவங்கள்

தொண்டிக் கேமரா:

போன வருடம் தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு நடந்த பாய்மரப் படகுப் போட்டியில் என் ட்ரோன் கடலில் விழுந்தது. நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். நம் கரையில் ட்ரோன் விடும் மற்றவர்களும் தங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

என்னுடையது நாலு மோட்டார், ஒன்றரைக் கிலோவுக்குள் எடை. அனுமதி வாங்கித்தான் பறக்கவிட்டேன். படகுகள் கடலில் திரும்பிக் கரையைப் பார்த்து வரும் நேரம், 30 மீட்டர் உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். நல்ல காற்று. திடீரென்று திரையில் அடிவானம் சாய்ந்தது. நான் ஸ்டிக்கைத் தொடவேயில்லை. அடுத்த கணம் கடல், பாய், வானம், மறுபடி கடல் என்று படம் சுழன்றது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் தண்ணீர் தெறித்துவிட்டது. அந்த உயரத்திலிருந்து விழ இரண்டரை வினாடிதான் ஆகும். விழுந்த இடத்துக்கும் ஒரு படகின் முன்முனையான அணியத்துக்கும் நடுவே ஒரு துடுப்பு நீளம் இருந்திருக்கும். அந்தப் படகில் ஆறு பேர்.

ஒரு அண்ணன் முங்கி எடுத்துக் கொடுத்தார். பேட்டரி முனையில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, தொட்டால் சூடு. படகில் வைக்க வேண்டாம் என்று நான் கத்தியதால் கரையில் மணலில் தள்ளி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் உப்பி, புகைந்தது. லித்தியம் பேட்டரி உப்புத் தண்ணீரில் விழுந்தால் காய வைத்து மறுபடி சார்ஜ் போடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள்.

ரிமோட்டில் இருந்த பறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ட்ரோனின் மென்பொருள் வலது முன் மோட்டாரை முழு வேகத்தில் சுற்றச் சொல்லியிருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. எதிர்மூலை மோட்டாரை அதே நேரத்தில் அடக்கியிருக்கிறது. கழற்றினால், வலது முன் மோட்டாரின் பேரிங் துரு ஏறி இறுகியிருந்தது. திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஈர மணலில் இறக்கியிருந்தேன். அதற்கப்புறம் இறக்கைகளைக் கையால் சுற்றினால் மூன்று வழுக்கிக்கொண்டு போகும், ஒன்று மட்டும் கரகரவென்று சீக்கிரம் நிற்கும். எனக்குத் தெரியும். திருவிழா முடியட்டும் என்று விட்டேன். அந்த ஆறு பேரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ஈயப்பற்று:

தம்பி, நான் ராமநாதபுரத்தில் ட்ரோன் பழுது பார்க்கிறேன். நீங்கள் பதிவில் பார்த்த அந்த இரண்டு வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது.

நாலு மோட்டாரில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே பக்கம் சுற்றும். ஒன்று நின்றால் அந்த மூலை தொங்கும். சாயாமல் பிடிக்க எதிர்மூலையையும் அடக்கியாக வேண்டும். மீதி இருக்கும் இரண்டும் ஒரே பக்கம் சுற்றுபவை, அவற்றுக்கு எதிர்ச்சுழி கொடுக்க ஆளில்லை. அதனால் உடம்பு மொத்தமும் பம்பரமாகிவிடும். சாதாரண மென்பொருள் சாய்வையும் பிடிக்கப் பார்க்கும், சுழற்சியையும் நிறுத்தப் பார்க்கும். இரண்டும் கைவிட்டுப் போகும்.

சுழல்வதைத் தடுக்காமல் விட்டுவிட்டு, சுழலும் அச்சை மட்டும் சாயாமல் பிடித்தால் என்ன? சூரிச்சில் உள்ள இடிஎச் பல்கலைக்கழகத்தில் மார்க் முல்லரும் ரஃபேல்லோ டி'ஆண்ட்ரியாவும் இதைத்தான் செய்தார்கள். ஒன்று, இரண்டு, ஏன் மூன்று இறக்கை போனாலும் பறக்க வைக்க முடியும் என்று 2014இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2021இல் சூரிச் பல்கலைக்கழகத்தாரும் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஜிபிஎஸ் இல்லாமலேயே, ட்ரோனில் இருக்கும் கேமராவை வைத்தே ஒரு மோட்டார் போன ட்ரோனை இடம் மாறாமல் நிறுத்திக் காட்டினார்கள். அது நொடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும்போது! அந்த வேகத்தில் சாதாரண கேமராவில் படம் கலங்கிவிடும். அதனால் ஒளி மாறும் புள்ளிகளை மட்டும் பதியும் தனி வகைக் கேமராவையும் பயன்படுத்தினார்கள். விலை கூடிய சில தொழில்முறை ட்ரோன்களில் மூன்று இறக்கையோடு இறங்கும் வசதி வந்துவிட்டது. நம் கையில் இருக்கும் கல்யாண வீட்டு ட்ரோனில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

என் மேசைக்கு வருபவற்றில் மூன்று பழுதுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: உப்புக்காற்றில் பச்சை பூத்த சாலிடர், துருப்பிடித்த பேரிங், மோட்டார் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டியிருக்கும் கருமணல். கடற்கரையில் இறக்குவதாக இருந்தால் ஒரு பழைய தார்ப்பாயையாவது விரியுங்கள்.

திருவாடானை வயல்காரி:

நான் மகளிர் குழுவில் இருந்து பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். எங்களுடையது ஆறு மோட்டார், 10 லிட்டர் டேங்க். எனக்கும் ஒரு மோட்டார் நின்றது. ட்ரோன் விழவில்லை.

மார்கழி மாதம், காலை ஏழு மணி. நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மீட்டர் உயரம். நாலாவது வரிசையில் சத்தம் மாறியது. எப்போதும் ஒரே தாளத்தில் இரைவது, மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கியது. ட்ரோனின் இடது முன் மோட்டார் இருக்கும் கை ஒரு முழம் தாழ்ந்து, பிறகு சமாளித்து நின்றது. ஆனால் மூக்கு தானாக மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது, நான் திருப்பியும் கேட்கவில்லை. பம்பை நிறுத்தினேன். வீட்டுக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தவில்லை, அதை அழுத்தினால் முதலில் மேலே ஏறும். வரப்பில் கேனோடு நின்ற அக்காவைப் பின்னால் போகச் சொல்லிக் கத்திவிட்டு, நின்ற இடத்திலேயே நெல்லுக்குள் இறக்கினேன். கால் சேற்றில் புதைந்தது, அவ்வளவுதான். மடக்கும் கை இருக்கிறதே, அந்த மூட்டில் வயர் உரசி உரசி அறுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டேங்க் நிரம்பினால் மொத்தம் 24 கிலோ, ஒரு மோட்டாருக்கு 4 கிலோ. ஒன்று நின்றால் எதிரில் இருப்பதும் அடங்கிவிடும், சுமப்பது நாலுதான். அன்றைக்கு டேங்கில் 3 லிட்டர்தான் மீதி. மொத்தம் 17 கிலோ, நாலால் வகுத்தால் நாலேகால். அதாவது டேங்க் நிரம்பிய நேரத்தில் சுமப்பதை விடக் கால் கிலோதான் அதிகம். முதல் வரிசையிலேயே நின்றிருந்தால் ஒவ்வொன்றும் 6 கிலோ தூக்க வேண்டும். பேட்டரியும் இறங்கியிருந்தால் தாங்கியிருக்குமா? இப்போது டேங்கில் 7 லிட்டருக்கு மேல் ஊற்றுவதில்லை. இன்னொரு நடை கூடுதலாகத்தான் வருகிறது, வரட்டும். ஆட்கள் நிற்கும் பக்கத்து வரிசைகளைக் கடைசியில், டேங்க் காலியாகும் நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஈயப்பற்று:

அக்கா, உங்கள் கணக்கு சரி. எட்டு மோட்டார் ட்ரோனில் மூக்குத் திரும்புகிற அந்தத் தொல்லையும் பெரிதாக இருக்காது, ஆனால் விலையும் எடையும் ஏறிவிடும். மூட்டு வயரை மாதம் ஒரு தடவை வெளியே இழுத்துப் பாருங்கள்.

நம்புதாளை வல்லம்:

நான் ட்ரோன் வைத்திருப்பவன் இல்லை, படகுக்காரன். போட்டியில் பாய்மரம் பிடித்து உட்கார்ந்திருப்பவனுக்கு மேலே பார்க்க நேரம் இருக்காது. காற்றில் பாய் படபடக்கிற சத்தத்தில் ட்ரோன் சத்தமும் கேட்காது. இதைப் படம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, தம்பி. நாங்கள் கரைக்கு வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போவதில்லை. எவ்வளவு அசதியாக இருந்தாலும் சரி. உங்கள் மோட்டார் அதைவிட எவ்வளவோ சின்னது.

தொண்டிக் கேமரா:

அண்ணே, நீங்கள் சொன்னது மனசில் பதிந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற முடியாத இடம் என்பதால், ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடைத்து, தூரிகையால் மணல் தட்டி, நாலு இறக்கையையும் கையால் சுற்றிக் காது வைத்துக் கேட்கிறேன். ஒன்று கரகரத்தாலும் அன்றைக்குப் பறப்பதில்லை.

இந்த வருடப் போட்டிக்குப் படகுகளின் மேலே போகப் போவதில்லை. கரைப் பக்கமாக 50 மீட்டர் தள்ளி, காற்று இழுத்துப் போனாலும் படகுப் பக்கம் வராத திசையில் நின்று சாய்வாக எடுப்பேன். விழாக் குழுவிடம் சொல்லிவிட்டேன். மேலிருந்து எடுக்கும் படம் வராதே என்று கேட்டார்கள். வராது என்றேன்.