மெக்சிகன் குடும்பம் அமெரிக்காவுல உடைஞ்சு போகுதா?

கதிர்_டெக்ஸாஸ்:
நான் இருக்கிற சான் ஆண்டோனியோல பாதிக்கு மேல மெக்சிகன் வம்சாவளிதான். மெக்சிகோல இருந்து வந்தவங்க எவ்ளோ கஷ்டப்பட்டாலும் அப்பா அம்மா சேர்ந்துதான் பிள்ளைய வளர்க்குறாங்க, இங்கயே பொறந்தவங்க பிள்ளைங்க நிறைய பேர் ஸ்கூல் சேர்றதுக்குள்ளயே அப்பா ஒரு வீடு அம்மா ஒரு வீடு. ஆராய்ச்சிலயும் இதேதான் வருது. அமெரிக்க கல்ச்சர் பண்ற வேலை, வேறென்ன.

நிலா:
அப்போ மெக்சிகோல என்ன நடக்குது? அங்கயே கல்யாணம் குறைஞ்சிட்டு வருது, யூனியோன் லிப்ரேன்னு தாலி கட்டாம சேர்ந்து வாழுறது ரொம்ப காலமாவே உண்டு, 2000க்கு அப்புறம் இன்னும் ஏறிடுச்சு. அதையும் அமெரிக்காதான் பண்ணுச்சா? 😀

செல்வா77:
சட்டத்த யாருமே பேசலயே. 1942ல இருந்து 1964 வரைக்கும் பிராசெரோன்னு ஒரு அரசாங்க திட்டத்துல மெக்சிகோல இருந்து ஆம்பளைங்கள மட்டும்தான் அமெரிக்காவுக்கு வயல் வேலைக்கு கூப்டாங்க, அதுக்கப்புறமும் சீசனுக்கு வந்துட்டு ஊர் திரும்பிட்டுதான் இருந்தாங்க. 1994ல சான் டியாகோ பக்கம் பார்டர டைட் பண்ணாங்க, திரும்பிப் போனா மறுபடி வர முடியாதுன்னு இங்கயே தங்கி பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு வந்துட்டாங்க. 1996 சட்டம் அதுக்கும் மேல, ஒரு வருஷத்துக்கு மேல பேப்பர் இல்லாம இருந்துட்டு வெளிய போனா பத்து வருஷம் உள்ள வர முடியாது. பொண்டாட்டி சிட்டிசனா இருந்தாலும் விசா இன்டர்வியூக்கு மெக்சிகோ பக்கம் இருக்கிற சியுதாத் ஹுவாரெஸ் ஊருக்கு போன அப்பா அங்கயே மாட்டிக்கலாம். இங்க பொறந்த பிள்ளை அப்பாவ ஸ்பான்சர் பண்ணணும்னா 21 வயசாகணும். சர்வேல அந்த வீடு "அப்பா இல்லாத வீடு"ன்னுதான் விழும்.

கதிர்_டெக்ஸாஸ்:
சரி செல்வா, ஆனா மூணாம் தலைமுறைக்கு இது எப்படி பொருந்தும்? அவங்க எல்லாரும் சிட்டிசன், யாரையும் டிப்போர்ட் பண்ண முடியாது, அவங்க வீட்லதான் பிரிவு ஜாஸ்தி. அதுக்கு பதில் சொல்லுங்க. புதுசா வந்தவங்க வீட்ல பாட்டி, சித்தப்பா, ஞானத்தகப்பன்னு கூட்டமா இருக்கிறதாலதான் தாங்குது.

நிலா:
அந்த கூட்டத்த ரொம்ப அழகா நினைச்சிட்டு இருக்கீங்க. பாதி வாடகைக்காகத்தான். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊர்ல ரெண்டு ரூம்ல ரெண்டு குடும்பம், மாமா வேலை கிடைச்சதும் கிளம்பிடுவார், அவர் பிள்ளைங்களும் போயிடும், அடுத்து யாரோ தூரத்து சொந்தம் வந்து சோபால படுப்பாங்க. மூணு வயசு பிள்ளைக்கு அதுவும் மாற்றம்தானே? அப்பா அம்மாவ மட்டும் எண்ணுனா இதெல்லாம் கணக்குலயே வராது. பாட்டி இருந்தா நல்லதுதான், இல்லன்னு சொல்லல. அப்புறம் இன்னொண்ணு, எல்லைய தாண்டி வந்து இங்க பிள்ளை பெத்துக்கிறவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே ஜோடியா செட்டில் ஆனவங்க. அவங்கள இங்க வளர்ந்த இருபது வயசு பையனோட ஒப்பிட்டா வித்தியாசம் வரத்தான் செய்யும்.

செல்வா77:
கதிர் கேட்டது நியாயமான கேள்விதான், மூணாம் தலைமுறைக்கு எல்லை சட்டம் பதில் இல்ல. ஆனா காலேஜ் போகாத வெள்ளைக்காரங்க வீட்லயும் இதே கதைதான் ஓடுது, கல்யாணம் இல்லாம பிள்ளை, நிலையில்லாத வேலை, கொஞ்ச வருஷத்துல பிரிவு.

கதிர்_டெக்ஸாஸ்:
அதத்தானே முதல்லயே சொன்னேன், அமெரிக்கன் ஆயிட்டாங்கன்னு!

நிலா:
டிகிரி வாங்குன அமெரிக்கனும் அமெரிக்கன்தான் கதிர், அவன் கல்யாணம் அவ்ளோ சுலபமா உடையல. கல்ச்சர்தான் காரணம்னா அவனுக்கும்ல உடையணும், சம்பளத்த பத்தி ஒரு வார்த்தை கூட நீங்க பேசலயே.