வெளிநாட்டுக் காசு சுவிஃப்ட் கோட்டில (வங்கியோட சர்வதேச அடையாளக் குறி) மாட்டின அனுபவம் இருந்தாச் சொல்லுங்க

கல்முனை:
சுவிஸ்ல இருக்கிற பொடியன் வங்கி அப்ல எத்தனை தரம் அடிச்சும் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம்) பெட்டி சிவப்பாவே நிண்டுது. கணக்கு இலக்கத்துக்கு முன்னால எல்.கே. (இலங்கைக் குறி) போட்டு, சுவிஸ் ஐபான் மாதிரி 21 எழுத்து வரும்வரை பூச்சியமும் அடைச்சுப் பார்த்திருக்கான். எங்கட நாட்டுக்கு ஐபானே இல்லையே! அவன் திறந்தது யூரோ அனுப்புற செபா படிவம், அது ஐரோப்பாவுக்குள்ள மட்டும்தான். வெளிநாட்டுக் கொடுப்பனவில இலங்கையைத் தெரிவு செய்ய, கணக்கு இலக்கமும் சுவிஃப்ட் கோடும் மட்டும் கேட்டிச்சு.

காத்தான்குடி:
ஐபான் பெட்டி சிவந்தா காசாவது பத்திரமா இருக்கும் தம்பி. கரைச்சல் 7010 மாதிரி உள்நாட்டு வங்கி இலக்கத்தைச் சுவிஃப்ட் கோடு எண்டு போடுறதிலதான். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135, இதெல்லாம் செஃப்ட் மாதிரி உள்நாட்டுப் பணமாற்றுக்கு மட்டும். கட்டார்ல இருந்து அனுப்பக்க இலங்கை வங்கிக்கு பி-சி-இ-வை-எல்-கே-எல்-எக்ஸ். முதல் நாலும் வங்கி, அடுத்த ரெண்டும் நாடு, கடைசி ரெண்டும் இடம். 11 எழுத்துக் கேட்டா மூணு எக்ஸ் சேருங்க, அது தலைமையகம். அந்த மூணு எக்ஸ் இடத்தில பாஸ் புத்தகத்தில கிடக்கிற கிளை இலக்கத்தைப் போடுறாங்க பாருங்க, அப்பிடி ஒரு கோடே பட்டியல்ல இல்ல. கிளைப் பெயரை முகவரி வரியில எழுதினாப் போதும்.

அக்கரைப்பற்று:
ரெண்டு பேரும் கோட்டிலேயே நிக்கிறீங்க. கவுண்டர்ல ஒரு காக்கா (அண்ணன்) "500 டொலர் அனுப்பினான், இங்க வெட்டிட்டீங்க" எண்டு சத்தம் போட்டார். அப்ப வழக்கத்தில இருந்த எம்.டி. 103 (வங்கிக்கு வங்கி போற கொடுப்பனவுச் செய்தி) பிரதியை எடுத்துப் பார்த்தா, கட்டணம் ஆர் தலையில எண்டு சொல்ற 71ஏ பெட்டியில எஸ்.எச்.ஏ. அப்பிடிப் போட்டா இடையில நிக்கிற வங்கியும் வாங்குற வங்கியும் தங்கட கட்டணத்தை அந்தக் காசிலயே கழிக்கும். முழுசா வரணும் எண்டா ஓ.யு.ஆர்.; பி.இ.என். எண்டா எல்லாச் செலவும் வாங்குறவர் தலையில.

பெயரையும் கவனியுங்க. 2025 நவம்பர் வரை இருந்த எம்.டி. 103ல ஒரு வரிக்கு 35 எழுத்துத்தான். முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் நீட்டினவங்கட மிச்சம் முகவரி வரிக்குள்ள போச்சு. புத்தகத்தில முதலெழுத்து எண்டா அங்கயும் முதலெழுத்து. பொருந்தாட்டி விளக்கம் கேட்டு நிறுத்தி வைப்பாங்க. காசு வரல்ல எண்டா ஊர்க் கிளையில போய் நிக்காம, அனுப்பினவரிட்ட யு.இ.டி.ஆர். (அந்தக் கொடுப்பனவைத் தேடுற தனி) இலக்கத்தை வாங்குங்க. இடையில வாற சின்னக் கோடுகளும் (-) சேத்து 36 எழுத்து, எந்த வங்கியில நிக்குது எண்டு அதை வச்சுத் தேடலாம். ரூபாக் கணக்கு எண்டா வங்கியோட அன்றைய டி.டி. (தந்திப் பணமாற்று) வாங்கும் விலையில மாத்துவாங்க, கூகுள் விலையைக் காட்டிச் சண்டை பிடிக்காதீங்க.

கல்முனை:
நான் சொன்னது ஐபான் கதை, நீங்க வகுப்பே எடுத்திட்டீங்க காக்கா. ஆனா ஓ.யு.ஆர். போட்டா அதோட முடியாது. இடைவங்கி பிறகு பில் அனுப்பினா, அனுப்பினவர்ர கணக்கில இன்னொரு கழிவு விழும்.