மண் அணையின் அடியில் கலங்கிய நீர்க் கசிவு, உதவி தேவை

வணக்கம். நாங்கள் படகு விடவும் நீந்தவும் பயன்படுத்தும் சின்ன நீர்த்தேக்கம், சுமார் 5 மீட்டர் உயர மண் கரை. அதன் வெளிச்சரிவின் அடியில் 2 வாரமாகக் கசிவு. மண் கரையில் தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் நேற்று ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் நகக்கனத்துக்கு வண்டல்! உள்ளே மண் அரிக்கிறது என்றுதானே அர்த்தம்? கசிவுக்கு நேர்மேலே ஒரு பட்டுப்போன மரம் நிற்கிறது, மட்கிய வேர் வழியாக இருக்குமோ?

நீச்சலை நிறுத்திவிட்டோம். மதகைத் திறந்து நீரை மெதுவாக இறக்குகிறோம், சட்டென இறக்கினால் உள்சரிவு சரிந்துவிடும். பொறியாளர் வரும்வரை கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் சரளையும் பரப்பலாமா? சிலர் களிமண்ணால் அடைக்கச் சொல்கிறார்கள். நீர் வேறு பக்கம் பீறிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் உடனே சொல்லுங்கள்.