கொரோனாவுக்கு ஒரு மாதம் கழித்து மகனுக்கு எடுத்த எக்கோ

2021 மே மாதம் எனக்கும் கணவருக்கும் கொரோனா. ஏழு வயது மகனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை, அதனால் டெஸ்ட் எடுக்கவில்லை. ஜூன் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் 103. கண் இரண்டும் சிவந்து, வயிற்று வலி, வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. முதலில் பார்த்த கிளினிக்கில் வயிற்றுக் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்காரவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "போன மாசம் வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சா?" கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றே எக்கோ, ஒலி அலையால் இதயத்தைத் திரையில் பார்க்கும் ஸ்கேன்.

விளக்கை அணைத்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஜெல் சில்லென்று பட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்தன. நடுவில் ஒலியைக் கூட்டியபோது ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போலச் சத்தம். டாக்டர் ஒரு சின்ன ரத்தக்குழாயின் இரு கரையிலும் பிளஸ் குறி வைத்து அளந்தார். அழித்துவிட்டு மறுபடி அளந்தார். நான்கைந்து முறை. நான் அந்தக் குறிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பம்பிங் 42 சதவீதம் என்றார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயும் கொஞ்சம் விரிந்திருந்தது. எம்ஐஎஸ்-சி என்றார்கள். கொரோனா வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, எதிர்ப்பு சக்தி அடங்காமல் சொந்த உடம்பையே தாக்குவது. ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதம்), ஸ்டீராய்டு, குறைந்த அளவில் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். நான்காம் நாள் எக்கோவில் 50, வீட்டுக்கு வரும்போது 58. குழாய் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆனது. ஆறு மாதம் ஓடி விளையாடக் கூடாது என்றதால் சைக்கிளை மாடியில் ஏற்றி வைத்தோம்.

வீட்டில் யாருக்குக் கொரோனா வந்திருந்தாலும், குழந்தைக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

*

அக்கா, படிக்கும்போதே மனசு பதறியது. எங்களுக்கு டெங்கு. ஐப்பசி மழையில் தம்பிக்கு வந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் நாடித்துடிப்பு 48க்கு இறங்கிவிட்டது. காலையும் மாலையும் தட்டணுக்களையே எண்ணிக்கொண்டிருந்தோம், இதயம் நினைப்பிலேயே இல்லை. எக்கோவில் பம்பிங் 60, இதயத்தைச் சுற்றி மட்டும் லேசாக நீர். டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீர் அங்கேயும் தேங்குமாம். தேறி வரும்போது துடிப்பு குறைவது சிலருக்கு உண்டு என்று சொல்லி, மானிட்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாளில் 70. இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் நீர் இல்லை. உங்கள் பையனுக்கு இன்னும் எக்கோ எடுக்கச் சொல்கிறார்களா?

*

ஒரு வருடம் கழித்து ஒன்று எடுத்தோம்ப்பா, நார்மல். அப்புறம் வேண்டாம் என்றுவிட்டார்கள். சைக்கிளைக் கீழே இறக்கியபோது அது அவனுக்குச் சின்னதாகியிருந்தது, வேறு வாங்கினோம்.