ரேஞ்ச்லேண்ட்: ‘மேய்புலம்’ சரியா இருக்குமா?

வணக்கம்.

ஆடுமாடும் காட்டு விலங்கும் மேய்கிற இயற்கை நிலத்தை ஆங்கிலத்தில் ரேஞ்ச்லேண்ட் (rangeland) என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் குழுவில், ‘புல்வெளி’ போதுமே, புதுச்சொல் எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகள் உதகை அரசு கலைக் கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் படித்தவள். மேற்கொண்டு டெக்சாஸின் கிங்ஸ்வில்லில் ‘ரேஞ்ச் அண்ட் வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட்’ முதுகலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். என்ன படிப்பு என்று பாட்டி கேட்டதற்கு ஆடுமாடும் மானும் மேய்கிற காட்டைப் பற்றி என்று ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். “மேயுற இடத்தப் பத்திப் படிப்பா, நல்லா படி” என்றாராம் பாட்டி. நாம் இத்தனை நாளாகத் தேடுகிற சொல்லின் பாதி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

ரேஞ்ச்லேண்ட் என்பது புல் மட்டுமே உள்ள இடம் இல்லை. புதர்க்காடு, மரம் விட்டுவிட்டு நிற்கும் காடு, பாலை எல்லாமே அதில் வரும். யாரும் விதைக்காமல், தண்ணீர் பாய்ச்சாமல், தானாக வளர்ந்த செடிகொடியைக் கால்நடையோ காட்டு விலங்கோ மேய்கிற நிலம், அவ்வளவுதான். தெற்கு டெக்சாஸே முள்ளும் புதருமாகக் கிடக்கிற சீமைதான். நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் அங்கே மண்ணின் மரம், அதன் நடுவே மாடும் மேய்கிறது, வெள்ளைவால் மானும் மேய்கிறது. அதைப் போய்ப் ‘புல்வெளி’ என்றால் படிக்கிற பிள்ளை குழம்பிப்போகும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், நீலகிரி அடிவாரத்து மசினகுடிக்கு இறங்கினால் போதும். பட்டி மாடுகள் மேயும் அதே காட்டில்தான் யானையும் காட்டெருமையும் புள்ளிமானும் மேய்கின்றன. உண்ணிச்செடி பரவப் பரவ அடியில் புல் இல்லாமல் போய் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீனி குறைகிறது. மாட்டையும் மானையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது, அந்தப் படிப்பு சொல்லித் தருவதும் அந்தக் கணக்கைத்தான்.

சரி, இருக்கிற சொற்களைப் பார்ப்போம். ‘மேய்க்கால்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் மேய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் அதற்கு ஏற்கெனவே சட்டப் பொருள் உண்டு, அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. காங்கேயம் பக்கத்துக் ‘கொறங்காடு’ அருமையான சொல். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமுமாக வைத்திருக்கும் சொந்த நிலம் அது. ஒரு குறிப்பிட்ட முறைக்கான பெயர் என்பதால் உலகம் முழுமைக்கும் இழுத்தால் அதன் சிறப்பே போய்விடும். ‘மேய்ச்சல் நிலம்’ பரவலாகப் புழங்குகிறது, தவறும் இல்லை, ஆனால் கேட்டவுடன் கோலோடு ஓர் ஆள் பின்னால் நிற்பது போல இருக்கிறது. நீலகிரியின் முக்கூர்த்தி மலையில் வரையாட்டை யார் மேய்க்கிறார்கள்?

ஒருவர் ‘மேய்ச்சல் தரிசு’ என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். மரம் இல்லாத இடம் வீண் இடம் என்ற எண்ணம் எங்கள் நீலகிரி மலையை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோடர்களின் எருமை மேய்ந்த மேட்டுப் புல்லையெல்லாம் வெற்றிடம் என்று நினைத்துச் சீகை (வாட்டில்), கற்பூரமரம், பைன் என்று நட்டார்கள். தோல் பதனிடும் பட்டைக்காக வைத்த சீகை இன்று யாரும் நடாமலேயே பரவுகிறது, வெட்டினாலும் மண்ணில் பல வருடம் கிடக்கும் விதை மறுபடி முளைத்துவிடுகிறது. ஊட்டியிலிருந்து பைக்காரா போகிற வழியில் மிச்சமிருக்கும் திறந்த வெளியைச் சுற்றுலா வருபவர்கள் ஷூட்டிங் மட்டம் என்கிறார்கள். அது வென்லாக் டவுன்ஸ் என்ற பரந்த மேட்டுப் புல்வெளியின் ஒரு துண்டு, சினிமாவுக்கு முன்னால் அங்கே எருமைதான் இருந்தது. தரிசு என்ற சொல்லை இன்னொரு முறை அந்த நிலத்தின் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ‘மேய்புலம்’ என்று முன்வைக்கிறேன். வினைத்தொகை என்பதால் மேய்ந்த புலம், மேய்கின்ற புலம், மேயும் புலம் மூன்றும் அதற்குள் அடங்கும். எருமை குறைந்துபோன ‘மந்து’ என்கிற தோடர் குடியிருப்பைச் சுற்றியுள்ள புல்லும் மேய்புலம், வரையாடு இப்போது நிற்கும் சரிவும் மேய்புலம், சீகையை எடுத்துவிட்டு மீட்டெடுக்கப் போகிற இடமும் மேய்புலம். மேய்வது யார் என்று சொல் கட்டுப்படுத்துவதில்லை, மேய்ப்பவர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பாட்டியின் ‘மேயுற இடம்’தான் இது, எழுத்துத் தமிழில்.

புலம் என்றால் பல்கலைக்கழகத்தில் துறைத்தொகுதிக்கும் சொல்கிறோமே, குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். முன்னால் ‘மேய்’ நிற்கும்போது யாரும் வகுப்பறையை நினைக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். படிப்பின் பெயர் ‘மேய்புல, காட்டுயிர் மேலாண்மை’ என்று வரும். வனவிலங்கு என்றால் பறவையும் பூச்சியும் செடியும் விட்டுப்போகின்றன, அதனால் காட்டுயிர். விதைத்து வளர்க்கும் பாஸ்ச்சருக்குத் ‘தீவன வயல்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

ஐ.நா. 2026ஆம் ஆண்டை ரேஞ்ச்லேண்டுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. நாளிதழ்க்காரர்கள் ஆளுக்கொரு சொல்லாக எழுதுவதற்குள் நாம் ஒன்றில் நின்றால் நல்லது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஒரு நிலத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு எத்தனை கால்நடை விடுகிறோம் என்பதற்கு ஸ்டாக்கிங் ரேட் என்கிறார்கள். ‘மேய்ச்சல் சுமை’ என்று எழுதிப் பார்த்தேன், நிலம் தாங்குகிற அளவுக்குள் விட்டாலும் சுமை என்றே ஒலிக்கிறது. ஆடுமாடு வைத்திருப்பவர்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று யாராவது கேட்டு எழுத முடியுமா?